பார்த்துவிட்டுப் போகிறவர்கள்

முதலில் வந்தவர் ஒரு கன்னத்தில் மட்டும் சோப்பு நுரையோடு வந்தார். வேம்படிவிளை மேலத் தெருவில், காலை வெயில் படிக்கட்டைத் தொடுகிற வேளையில், இடுப்பில் துண்டும் கையில் சவரக் கத்தியுமாகச் சண்முகவடிவின் வீட்டு வாசலுக்கு வந்து, கதவில் ஒட்டியிருந்த படத்துக்கு நேரே நின்று, ஒரு வெற்றிலையைச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போடுகிற நேரம் அதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்து, தெருமுனை அடிகுழாயைத் தாண்டியதும் இல்லாமல் போனார். குழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் அலறவில்லை. சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மனுசனுக்கு வீட்டில் ஏதோ அவசரம் இருக்கும் என்றுதான் நினைத்தார்கள்.

அவருக்குப் பின்னால் மாவுக் கரண்டியோடு ஒருத்தி வந்தாள், தலைக்கவசம் கழற்றாத ஒருவன் வந்தான், காதில் பஞ்சு வைத்த ஒரு பெரியவர் வந்தார், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வந்தாள். எல்லோரும் அதே இடத்தில் நின்றார்கள், அதே படத்தைப் பார்த்தார்கள், அதே வெற்றிலை நேரம் முடிந்ததும் திரும்பிப் போனார்கள், போகிற வழியில் அடிகுழாயைத் தாண்டியதும் கரைந்துபோனார்கள். மத்தியானத்துக்குள் வாசல் மண்ணின் நிறமே மாறிவிட்டது. ஒவ்வொருவர் காலும் அவரவர் ஊர் மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து போட்டிருந்தது. செம்மண், கரிசல், கடல் மணல், சிமெண்டுத் தூள், ஒரு ஓரத்தில் யாரோ ஒருவருடைய வீட்டுக் கோலமாவு.

சண்முகவடிவுக்கு மட்டும் ஆச்சரியமும் இல்லை, பயமும் இல்லை. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். தன் தம்பியைக் கடைசியில் யாரோ பார்க்க வந்துவிட்டார்கள் என்ற சந்தோசத்தில் அழுதாள்.

தம்பி பலவேசம் ஊரைவிட்டுப் போனதற்கு அவளே காரணம் என்று ஊரில் யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஊருக்கு அந்த மட்டில் நாகரிகம் உண்டு. அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த நாளில், வடிவு தன் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பும்போது, "அம்மா பக்கத்துலயே இருல, எங்கயும் போயிராத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் பக்கத்து ஊர் கிரிக்கெட் போட்டிக்குப் போய்விட்டான். ஒரு ஆட்டம் ஆடிவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று போனவன், அணி ஜெயித்துக்கொண்டே போனதால் கடைசி ஆட்டம்வரை இருந்துவிட்டு, சாயங்காலம் கையில் கோப்பையோடு தெருவுக்குள் நுழைந்தபோது வீட்டு முன்னால் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல், ஒரு மடக்குத் தண்ணீர் கேட்க நாதி இல்லாமல் அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். அந்தக் கோப்பையைப் பார்த்ததும்தான் வடிவுக்கு வெறி வந்தது. இழவுக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், "இனிமே என் மூஞ்சில முழிக்காதல! செத்தாலும் முழிக்காத!" என்று கத்தினாள்.

கோபத்தில் சொன்னவள் இரண்டு நாளில் மறந்துவிட்டாள். கேட்டவன் மறக்கவில்லை. கொள்ளி வைக்கும்போதும் அக்கா பக்கம் திரும்பாமல் வைத்தான், காடாற்றும்போதும் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தான், காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலையில் அவன் பாய் சுருட்டி வைத்தபடி இருந்தது, ஆள் இல்லை.

தேடாத இடமில்லை. வடிவும் அவள் புருசன் அருணகிரியும் உப்பளம் உப்பளமாகப் போய்க் கேட்டார்கள், தூத்துக்குடித் துறைமுகத்தில் கேட்டார்கள், குறி கேட்டார்கள், போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். வடிவுக்குத் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸும் இன்டர்நெட்டும் வைத்த சின்னக் கடை. ஊர்க்காரர்களுக்கு ஜாதிச் சான்றிதழும் பட்டாவும் எடுத்துக் கொடுத்த கையால், தம்பிக்கு ஒரு இணையப் பக்கம் செய்தாள். அவன் சிரிக்கிற படம், மேலே பெயர், கீழே தன் போன் நம்பர், அதற்கும் கீழே 'அக்கா தேடுகிறேன், வந்துவிடு' என்று ஒரு வரி. அதையே அச்செடுத்து வீட்டுக் கதவிலும் ஒட்டினாள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிச் சொல்கிற ஒரு பெட்டியும் இணையப் பக்கத்தின் அடியில் இருந்தது. அது வடிவு பார்த்தால் மட்டும் ஒன்று ஏறும், பிறகு சும்மா இருக்கும். உலகமே கண்ணை மூடிக்கொண்டு தன் தம்பியைக் காணாமலடித்துவிட்டது போல அவளுக்கு வயிறு எரியும்.

அப்போதுதான் அந்தப் பார்வை மாற்றுச் சந்தை அவள் கண்ணில் பட்டது. இன்டர்நெட்டில் அப்படி ஒன்று உண்டு. அதில் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பக்கம் இருக்கும், எல்லோருக்கும் பார்க்க ஆள் வேண்டும், யாருக்கும் பார்க்க மனசு இருக்காது. ஆகவே நீ மற்றவர்கள் பக்கத்தைப் பார், பார்த்த கணக்குக்கு மற்றவர்கள் உன் பக்கத்தைப் பார்ப்பார்கள் என்று ஏற்பாடு. கல்யாண வீட்டு மொய்யேதான். நீ அவன் வீட்டில் செய், அவன் உன் வீட்டில் செய்வான். என்ன, இந்தச் சந்தையில் இரண்டு செய்தால்தான் ஒன்று திரும்பும்.

ஒரு பக்கத்தைத் திறந்தால் உச்சியில் ஒரு கோடு மெல்ல மெல்ல நிரம்பும். நிரம்பி முடிந்ததும் நாலு படங்களைக் காட்டி, இதில் சாவி எது, மாம்பழம் எது என்று கேட்கும். சரியானதை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கணக்கில் சேரும், அடுத்த பக்கம் திறக்கும். மனுசன்தான் என்று நிரூபித்தால் போதும், பார்த்தான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வடிவு ஜெராக்ஸுக்கு ஆள் வராத நேரமெல்லாம் உட்கார்ந்து பார்த்தாள். முடி வளர்க்கும் தைலம், மூட்டு வலிக்கு வளையல், யாரோ ஒரு கவிஞரின் புலம்பல், விற்பனைக்கு வந்த ஆட்டுக்குட்டி, எல்லாம் அவள் கண்முன் வந்து போயின. அவள் பார்த்தது அந்தக் கோட்டை மட்டும்தான். கோடு நிரம்ப வேண்டும், தட்ட வேண்டும், அங்கே என் தம்பி படத்துக்கு முன்னால் இன்னொரு கண் சேர வேண்டும். இதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

அவள் கணக்கில் சேர்ந்தவர்கள்தான் இப்போது வாசலில் வந்து நிற்பவர்கள். அது எப்படி நடக்கும் என்று அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வருகிறார்கள், அவ்வளவுதான்.

ஊர் அவர்களுக்குப் பழகிய விதம்தான் சொல்ல வேண்டியது. முனையில் டீக்கடை வைத்திருந்த குரூஸ் முதல் நாளே பால் கூடுதலாக வாங்கிவிட்டார். இரண்டு பெஞ்சு போட்டார், வடை போட்டார். வந்தவர்கள் பெஞ்சைத் தாண்டி வந்தார்கள், தாண்டிப் போனார்கள். "அரசியல் கூட்டத்துக்கு வாரவன்கூட டீ குடிப்பான்வே. டீ குடிக்காத கூட்டத்த என் ஆயுசுக்கு இப்பதான் பாக்கேன்" என்று அலுத்துக்கொண்டு, ஆறிய வடையை நாய்க்குப் போட்டார். நாய் வடையைத் தின்றதே தவிர வந்தவர்களைப் பார்த்து ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை.

எதிர் வீட்டில் இட்லிக் கடை நடத்திய பிச்சம்மாவுக்குத்தான் முதலில் சுருக்கென்றது. வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவள், தெருவைக் குறுக்கே கடந்து வந்து வடிவின் காதருகில் சொன்னாள்.

"ஏட்டி வடிவு, துட்டி வீட்டுக்கு வந்தவிய மாதிரில்லா வந்து நிக்காவ. வாராவ, படத்தப் பாக்காவ, போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லாம போறாவ."

"வாய மூடுங்க மதினி. என் தம்பி உசுரோடதான் இருக்கான்."

"இருக்கட்டும் தாயி, நல்லா இருக்கட்டும். கண்ணுல பட்டதச் சொன்னேன்."

சொன்னது சொன்னதுதான், வடிவின் மனசில் தைத்துவிட்டது. துட்டி வீட்டில்தான் வந்தவர் சொல்லிக்கொள்ளாமல் போவார். போய்விட்டு வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தமாகிவிடும். ஆகவே அன்றிலிருந்து வடிவும், அவள் கடைக்குப் போன நேரத்தில் அருணகிரியும், ஒவ்வொருவர் திரும்பும்போதும், "போயிட்டு வாங்க! போயிட்டு வாங்க!" என்று அவர்கள் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்கள். உப்பளத்தில் எடை போட்டுக் களைத்து வந்த அருணகிரி, சோற்றுக் கையோடு எழுந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்து உட்காருவான். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இத்தனை கண் ஒரு வீட்டில் விழுந்தால் அந்த வீடு தாங்குமா என்று அடுத்த கவலை வந்தது. பிச்சம்மாதான் அந்தத் தெருவில் திருஷ்டி கழிக்கிறவள். கல்லுப்பு ஒரு கை, வற்றல் மிளகாய் ஒரு கை, வந்தவர்கள் காலடி மண்ணில் எல்லா நிறத்திலும் ஒரு சிட்டிகை எடுத்து, கதவில் இருந்த பலவேசத்தின் படத்தை இடமும் வலமுமாகச் சுற்றி, வடிவை மூன்று தடவை துப்பச் சொல்லி, கொண்டுபோய்த் தன் இட்லி அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண் நெடியைத் தின்றுவிடும். மிளகாய் வெடித்தது. தெரு முழுக்க ஒரே இருமல். குரூஸ் டீ கிளாஸோடு ஓடினார், பிச்சம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள், அடுத்த தெருவில் இருந்துகூட யாரோ தும்மினார்கள்.

"ஒரு கண்ணு கூடப் படலட்டி" என்றாள் பிச்சம்மா, கண்ணில் நீர் வடிய. "இத்தன பேரு வந்து பாத்தும் ஒண்ணுகூடப் படல."

"நல்லதுதான மதினி!" என்று வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அருணகிரியும் நிம்மதியாகச் சிரித்தான். தெருவே நல்லதுதான், நல்லதுதான் என்றது. கண் படவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று யோசிக்கிற மூளை அன்று ஒருவருக்கும் இல்லை. ஏன், பிச்சம்மாவுக்கே இல்லை.

பிறகு ஊருக்கு ஆசை வந்தது. சும்மா நிற்கிற கண்களை ஏன் வீணாக்க வேண்டும் என்று தரகர் ஒருவர் எதிர்ச் சுவரில் வீட்டுமனை விற்பனை போர்டு வைத்தார், ஒருவர் மகளுக்கு வரன் தேடிப் படம் ஒட்டினார், பள்ளிக்கூடத்தில் சேர்க்கை நடைபெறுகிறது என்று துணி கட்டினார்கள். மனையும் விற்கவில்லை, வரனும் வரவில்லை. வடிவு வாசலுக்கு வருகிற கூட்டத்தை நம்பினால் ஆகாது, நமக்கென்று தனியாகக் கூட்டம் வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் போட்டு ஆளாளுக்குச் சந்தையில் சேர்ந்தார்கள். குரூஸ் தன் வடைக்கு ஒரு பக்கம் போட்டார், கோவில் கொடைக்கு ஒரு பக்கம் வந்தது, ஊர் முழுக்க ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். அத்தனை பேரை வரவழைக்க ஊரும் அத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆம்பிளையும் பொம்பிளையும் போனைக் கையில் வைத்துக் கோடு நிரம்பக் காத்திருந்தார்கள்.

காத்திருந்து காத்திருந்து அந்தப் பார்வை அவர்கள் கண்ணிலேயே தங்கிவிட்டது. பெண்டாட்டி பேசினால் புருசன் அவள் நெற்றிக்கு மேலே ஏதோ நிரம்புகிறதா என்று பார்த்தான். பரீட்சைத் தாள் காட்டிய பிள்ளையைத் தகப்பன் வெற்றிலை நேரம் பார்த்துவிட்டு விரலால் காற்றில் ஒரு தட்டுத் தட்டினான். நிசமான துட்டி வீட்டிலும் அப்படியே வந்து நின்று அப்படியே போனார்கள். செத்தவரின் மகள், "ஒருத்தரும் அழலியே, ஒருத்தரும் அழலியே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை நாம்?

பார்க்கிறவர் இங்கே உட்கார்ந்திருந்தாலும் கால் அங்கே போய்வந்துவிடும் என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வடிவு நாற்காலியை விட்டு எழாமலே சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கால் நிறைய ஊர் ஊரான புழுதி இருக்கும். வாசலில் வாளித் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள். ஐப்பசியில் ஒரு நாள் அவள் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது அருணகிரி மூக்கை உறிஞ்சினான்.

"என்ன வடிவு, இன்னைக்கு மேலெல்லாம் கொப்பரை வாசம் அடிக்கு? செக்குல கிடந்து உருண்டியா?"

"எந்த ஊரு மண்ணோ என்னமோ, யாரு கண்டா" என்று அவள் கால்விரல் இடுக்கில் சிக்கியிருந்த தேங்காய் நாரை எடுத்து எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

தை பிறந்தது. வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெட்டியில் எண்ணிக்கை ஏறி ஏறி இலக்கத்துக்கு இடம் போதாமல் நின்றது. ஒரு போன் வரவில்லை. இத்தனை கண்ணில் ஒரு கண்ணுக்குக்கூடவா என் தம்பியைத் தெரியாது என்று வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. மெலிந்து, கன்னம் ஒட்டி, பார்க்கிறதை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கழுத்து நிறைய வேர்வையும் தலையில் முக்காடுமாக நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வந்து வாசலில் நின்றாள். கையில் இரும்புக் கம்பி ஒன்று வைத்திருந்தாள், மட்டை உரிக்கிற கம்பி. எல்லோரையும் போல நின்றாள், எல்லோரையும் போலப் பார்த்தாள். பிறகு ஒருவரும் செய்யாததைச் செய்தாள். கம்பியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். படத்துக்கு நெருங்கி வந்தாள், கீழே இருந்த நம்பரை உதடு அசைத்துப் படித்தாள், சத்தம் வராமல் ஏதோ கூப்பிட்டாள். அடிகுழாயைத் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"என்னங்க! ஒருத்தி பாத்துட்டா! நெசமாவே பாத்துட்டா!" என்று வடிவு அலறினாள். அருணகிரி ஓடி வருவதற்குள் போன் அடித்தது.

"ஏனுங்க, பலவேசத்தோட அக்காளுங்களா?"

"ஆமாம்மா, ஆமா, அக்காதான் பேசுதேன்."

"நான் மயிலாத்தாளுங்க. காங்கேயம் பக்கம் கொப்பரக் களம் வெச்சிருக்கறனுங்க. அவன் நம்ம களத்துலதானுங்க இருந்தான். தேங்கா ஒடைக்கறது, காய வெக்கறது, அல்லாமே அவன்தான். தங்கமான பையனுங்க."

வடிவு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "உசுரோட இருக்கான்" என்று புருசனைப் பார்த்துச் சொன்னாள், தெருவைப் பார்த்துச் சொன்னாள். பிச்சம்மா கரண்டியோடு ஓடி வந்தாள், குரூஸ் அடுப்பை அணைக்காமல் வந்தார். "அம்மா, நீங்க நல்லா இருப்பிய, உங்க பிள்ள குட்டி நல்லா இருக்கும். போன அவன்ட்ட குடுங்க. அக்கா பேசுதான்னு சொல்லுங்க."

மயிலாத்தாள் குழம்பிப்போய்க் கேட்டாள்.

"நீங்கதான் வந்து பாத்துட்டுப் போயிட்டீங்களேங்க?"

"நானா? நான் எங்க வந்தேன்?"

"ஐப்பசியிலீங்க. எண்ணெய் விக்கறதுக்குன்னு நாங்களும் ஒரு பக்கம் போட்டு இந்தப் பாக்கற ஏவாரத்துல சேந்திருந்தமுங்க. தெனமும் ஆளு வருவாங்க, களத்து ஓரமா நிப்பாங்க, போயிருவாங்க. ஒரு நா மத்தியானம் நீங்க வந்தீங்க, பச்சச் சீலைல. அவன் உங்களப் பாத்ததுந்தான், கையில இருந்த அருவாளப் போட்டுட்டு ஓடியாந்தானுங்க. 'அக்கா, அக்கா'ன்னு உங்க முன்னால வந்து நின்னு அழுகறான். எனக்கே அழுக வந்துருச்சு."

"நான்..." வடிவு போனைக் காதோடு அழுத்தினாள். "நான் என்னம்மா செஞ்சேன்?"

"நீங்க அவன் தலைக்கு மேல எங்கியோ பாத்துட்டு நின்னீங்க. அப்பறம் வெரல ஒருக்காத் தட்டிட்டுத் திரும்பிப் போயிட்டீங்க. நான் சொன்னனுங்க, இவிங்கல்லாம் அப்படித்தாண்டா, யாரும் பாக்க மாட்டாங்கன்னு. அவன் கேக்கலீங்க. எங்கக்கா அப்படிப்பட்டவ இல்ல, மூஞ்சில முழிக்காதன்னு சொல்லுச்சு, சொன்ன சொல்லக் காப்பாத்திட்டுப் போயிருச்சுன்னு ஒரே பேச்சு. அன்னிக்கு ராத்திரியே காச்சல்."

அந்தப் பெண் தன் மனசில் இருந்ததையெல்லாம் ஒரு நல்லெண்ணத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"சொந்தக்காரங்க கண்ணுதானுங்க பொல்லாதது. அக்கா கண்ணு பட்டிருக்கும்னு நானே அவனுக்கு மொளகா சுத்திப் போட்டனுங்க. அப்பப்பா, என்ன நெடிங்கறீங்க! களத்துல இருந்த அத்தன பேரும் இருமிட்டு ரோட்டுக்கு ஓடுனோம். அப்பறம் காச்சல் நின்னுது. ஒரு நா காலைல பாத்தா ஆளக் காணோம். எங்க போனான்னு நானும் தேடாத எடமில்லீங்க. இன்னிக்குப் பாத்தா உங்க கதவுல சிரிச்சுட்டு நிக்கறான்."

போன் வடிவின் மடியில் விழுந்தது. அத்தன பேரும் இருமினோம் என்று அவள் வாய் தானாகச் சொல்லிப் பார்த்தது. பிச்சம்மாவைப் பார்த்தாள். பிச்சம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கூடப் பிறந்தவளின் கண்கூட அந்தப் பிள்ளைமேல் படவில்லை.

அந்த நாள் வடிவுக்கு நன்றாக நினைவு இருந்தது. பச்சைச் சேலை நினைவு இருந்தது, கொப்பரை வாசமும் இருந்தது. கோடு அன்றைக்கு மெதுவாகத்தான் நிரம்பியது, சீக்கிரம் நிரம்பித் தொலையேன் என்று அவள் பல்லைக் கடித்ததும் இருந்தது. அந்த நேரத்தில் அவள் மனசில் வேறு யாரும் இல்லை, அவன்தான் இருந்தான். பலவேசம் எங்கே கிடக்கிறானோ, தின்றானோ தின்னவில்லையோ என்று நினைத்து நினைத்து, தம்பியை நினைத்தபடியே தம்பியைப் பார்க்காமல் நின்றிருக்கிறாள். அவள் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுத அழுகையை அம்மா செத்த அன்றுகூட அந்தத் தெரு கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டவர்கள் கண்ணில் இருந்த அந்த வெறும் பார்வை கொஞ்சம் கலங்கியது என்று மட்டும் சொல்லலாம்.

காங்கேயத்துக்குப் போனார்கள். மயிலாத்தாள் சோறு போட்டாள், அவன் படுத்திருந்த கொட்டகையைக் காட்டினாள், களத்து ஓரத்தில் வடிவு நின்ற இடத்தையும் காட்டினாள். வேம்படிவிளையின் வெள்ளை மணல் ஒரு பிடி அங்கே இன்னும் கிடந்தது. அவன் நின்ற இடம் ஒரு கை தூரம்கூட இல்லை.

திரும்பி வந்தபின் வடிவு சந்தையைத் திறக்கவில்லை. ஆனால் அவள் பார்த்துச் சேர்த்த கணக்கு மலைபோல் இருந்தது. அது தீரும்வரை ஆட்கள் வருவார்கள். கடையைப் பூட்டிவிட்டு அவள் வாசல் படியில் உட்கார்ந்தாள். எந்த ஊரிலோ எந்த வேலையிலோ இருக்கிற பலவேசம், ஒரு முதலாளிக்காக உட்கார்ந்து கோடு நிரம்பக் காத்திருந்து, தன்னை அறியாமல் ஒரு நாள் தன் வீட்டு வாசலுக்கே வரலாம். வந்து தன் படத்தையே பார்க்காமல் நிற்கலாம். அவன் பார்க்காவிட்டால் போகட்டும், நான் பார்க்க வேண்டும். ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும்.

ஆகவே அவள் பார்த்தாள். வந்த ஒவ்வொருவரையும் உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால்வரை பார்த்தாள். இவன் தாடிக்குள் தம்பி இருக்கிறானா, இந்தத் தொப்பிக்குக் கீழே இருக்கிறானா என்று தேடத் தொடங்கியவள், நாள் போகப் போக, இல்லை என்று தெரிந்த முகத்தையும் விடாமல் பார்த்தாள். இவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, தூங்கி நாளாகியிருக்கும். இந்த மனுசன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறான், எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை போல. "சாப்டியளா? ஏன் இப்படி மெலிஞ்சு போனிய?" என்று கேட்டாள். அவர்களுக்குக் கேட்கவில்லை. அருணகிரி சாப்பாட்டைப் படிக்கே கொண்டுவந்து கொடுத்தான், அவள் கண்ணை எடுக்காமல் தின்றாள்.

மாவுக் கரண்டிக்காரி அதற்குள் மறுபடி ஒரு தடவை வந்தாள். அன்றைக்கு அவள் கையில் கரண்டி இல்லை, கட்டுப் போட்டிருந்தது. வடிவு எழுந்து கிட்டே போய் அந்தக் கட்டைப் பார்த்தாள், கன்னத்தில் காய்ந்த கண்ணீர்க் கோட்டைப் பார்த்தாள், "யாரு தாயி அடிச்சா?" என்றாள். அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றைக் கேட்டுப் பிச்சம்மா கடையை விட்டு எழுந்து வந்தாள். உப்பும் மிளகாயும் எடுத்தாள், அந்த அயலூர்க்காரியின் தலையைச் சுற்றி இடமும் வலமுமாக எடுத்தாள், அவள் அடிகுழாயைத் தாண்டிப் போய் மறைந்ததும் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள்.

தெரு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. குரூஸ் டீ கிளாஸைக் கையால் மூடிக்கொண்டார். மிளகாய் வெடித்தது, கறுத்தது, சாம்பலானது. ஒருவருக்கும் இருமல் வரவில்லை. மூக்கில் இருந்து முந்தானையை எடுத்துவிட்டு அடுப்பை மோந்து பார்த்த பிச்சம்மா, "ஏட்டி வடிவு, நெடியே இல்லட்டி" என்று கூப்பிட்டாள்.

வடிவு திரும்பவில்லை. அடுத்து வந்து நின்றவன் முகத்தில் பாதியை ஒரு துண்டு மறைத்திருந்தது. அவள் படியை விட்டு இறங்கி, அந்தத் துண்டுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.